சிட்காவில் ஒரே நடையில் மூன்று பள்ளிக்கூடங்கள்

வணக்கம் நண்பர்களே. பின்னால் சடசடவென்று கேட்பது மழை. சிட்காவில் வெயில் வரட்டும் என்று காத்திருந்தால் இந்த வீடியோவை எடுக்கவே முடியாது, அதனால் குடையைப் பிடித்துக்கொண்டே பேசுகிறேன், குரல் தெளிவாக இல்லாவிட்டால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது அலாஸ்காவின் தென்கிழக்கில், ஒரு தீவின் ஓரத்தில் இருக்கும் ஊர். வெளியூரிலிருந்து சாலை கிடையாது, விமானத்தில் வர வேண்டும் அல்லது கப்பலில் வர வேண்டும். இந்தக் கரையின் பூர்வகுடிகளான டிலிங்கிட் மக்களின் ஊர், அப்புறம் அலாஸ்காவை ஆண்ட ரஷ்யர்கள் இங்கே வைத்த தலைநகரம், 1867-ல் 72 லட்சம் டாலருக்கு அலாஸ்காவை அமெரிக்கா வாங்கியபோது கொடி மாறியதும் இங்கேதான். இதெல்லாம் பயணக் கையேட்டிலேயே இருக்கிறது. நான் இன்று காட்ட நினைப்பது பள்ளிக்கூடங்களை. நடந்தே போகிற தூரத்தில் மூன்று இடங்கள் இருக்கின்றன, அந்த மூன்றையும் பார்த்தால் இந்த வடக்குப் பகுதியின் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு இருநூறு வருடங்களாக என்ன நடந்தது என்று ஓரளவு புரிந்துவிடும்.

முதலில் இதோ, மஞ்சள் சுவர், சிவப்புக் கூரை. ரஷ்ய பிஷப்பின் வீடு, 1840களின் தொடக்கத்தில் கட்டியது. இந்த மரத்துண்டைப் பாருங்கள், என் கையை விரித்து வைத்தாலும் முழுதாக மூடவில்லை, அவ்வளவு பருமன். ஃபின்லாந்துத் தச்சர்கள் செய்த வேலை. மேலே பிஷப் குடியிருந்தார், கீழே பாடம் நடந்தது. அந்தப் பிஷப்பின் பெயர் இவான் வெனியாமினோவ். அவர் 1824-ல் மனைவி, குழந்தைகளோடு அலூஷியன் தீவுகளில் இருக்கும் உனலாஸ்காவுக்கு ஒரு சாதாரணப் பாதிரியாராக வந்தவர். வந்ததும் அங்கிருந்த உனங்கன் மக்களின் மொழியைக் கற்றுக்கொண்டார், இவான் பான்கோவ் என்ற உனங்கன் தலைவரோடு உட்கார்ந்து அந்த மொழிக்கு எழுத்து வகுத்தார், பள்ளிக்கூடம் தொடங்கினார். பிள்ளைகள் ரஷ்ய மொழியும் படித்தார்கள், தங்கள் மொழியையும் எழுதக் கற்றார்கள்.

ரஷ்யர்கள் நல்லவர்கள் என்று சொல்ல வரவில்லை. அதே உனங்கன் ஆண்களைக் கட்டாயப்படுத்திக் கடல்நீர்நாய் வேட்டைக்கு இழுத்துப்போனதும் ரஷ்யர்கள்தான். ஆனாலும் வீட்டில் பேசுகிற மொழியைப் பலகையில் எழுதிக் காட்டிய பள்ளிக்கூடம் 1820களிலேயே அலாஸ்காவில் இருந்திருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த இடத்துக்கு வாருங்கள்.

இதே லிங்கன் தெருவில் கொஞ்சம் நடந்தால் போதும். இந்த வளாகம் ஷெல்டன் ஜாக்சன் கல்லூரியாக இருந்தது, 2007-ல் மூடிவிட்டார்கள், இப்போது கலை முகாம் நடக்கிறது. 1878-ல் பிரெஸ்பிட்டேரியன் கிறிஸ்தவ சபைக்காரர்கள் டிலிங்கிட் பிள்ளைகளுக்குத் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்த இடம் இது. ஷெல்டன் ஜாக்சன் ஒரு மதபோதகர். 1884 சட்டம், இன வேறுபாடு பார்க்காமல் அலாஸ்காப் பிள்ளைகளுக்குக் கல்வி தரவேண்டும் என்றது, அடுத்த ஆண்டே அவரை அரசு கல்வி முகவராக நியமித்தது. அவரிடம் இருந்தது கொஞ்சம் பணம், நிலமோ கண்ணுக்கெட்டாத பரப்பு. அதனால் சபைகள் அலாஸ்காவைப் பங்கு போட்டுக்கொண்டன, குஸ்கோக்விம் ஆற்றுப்பக்கம் மொரேவியர்கள், யூகான் ஆற்றில் எபிஸ்கோப்பல்காரர்களும் கத்தோலிக்கர்களும், இங்கேயும் வடகோடி பாரோவிலும் பிரெஸ்பிட்டேரியர்கள். ஜாக்சனின் கொள்கை ஒன்றே ஒன்று, ஆங்கிலம் மட்டும். பின்னால் வந்த பத்தாண்டுகளில் தாய்மொழியில் பேசியதற்காக வாயில் சோப்பு போட்டுக் கழுவினார்கள், அடித்தார்கள் என்று அந்தத் தலைமுறை முதியவர்கள் பலர் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது. ஆறு வயதுப் பிள்ளைக்குத் தண்ணீர் கேட்கக்கூட வேறு வார்த்தை தெரியாதே!

இங்கே ஒருவரைச் சொல்லாமல் நகர மனமில்லை. குஸ்கோக்விம் பக்கம் உயாகுக் என்ற மனிதர், மேற்கு அலாஸ்காவின் யூபிக் என்ற பூர்வகுடியைச் சேர்ந்தவர், மொரேவியன் சபையில் உதவியாளர், எழுதப் படிக்கத் தெரியாதவர். 1900-க்குப் பிறகு வந்த சில வருடங்களில் அவர் தன் மொழிக்குத் தானாகவே ஓர் எழுத்துமுறையை உருவாக்கினார். முதலில் படம் படமாக வரைந்து பார்த்தார், அது போதவில்லை என்று அசைக்கு ஓர் எழுத்து என்று மாற்றிக்கொண்டே போய், சுமார் ஐந்து வருடத்தில் யூபிக் மொழியில் எதையும் எழுதும் நிலைக்கு வந்துவிட்டார். பள்ளிக்கூடங்கள் அந்த மொழியை வாயில் எடுக்காதே என்று சொன்ன அதே காலம்!

சரி, சிட்காவுக்கே வருகிறேன். 1905-ல் நெல்சன் சட்டம் என்று ஒன்று வந்தது, பள்ளிகளை இரண்டாகப் பிரித்தது. வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கும் "நாகரிக வாழ்க்கை" வாழும் கலப்பினப் பிள்ளைகளுக்கும் ஒரு பள்ளி, மற்ற பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு வேறு. ருடால்ஃப் வால்டன் என்ற டிலிங்கிட் வெள்ளி வேலைக்காரர், இதோ இந்தப் பள்ளியில் படித்தவர், ஊரில் கடை வைத்திருந்தார், வரி கட்டினார், தேவாலயத்துக்குப் போனார். மனைவியின் முதல் திருமணத்துப் பிள்ளைகளை ஊர்ப் பள்ளிக்கு அனுப்பினார், சேர்க்க மறுத்தார்கள். வழக்கு போட்டார். 1908-ல் நீதிபதி என்ன சொன்னார் தெரியுமா? தொழில், வீடு, வெள்ளைக்காரர் போல உடை, சபை உறுப்பினர் என்பதெல்லாம் நாகரிகத்துக்குப் போதாதாம், இந்தக் குடும்பம் யாரோடு பழகுகிறது என்றும் பார்க்க வேண்டுமாம். உறவுக்காரர்களோடு பழகியது குற்றமாகிவிட்டது. ஜாக்சன் பள்ளி மாற்றச் சொன்னதையெல்லாம் மாற்றிக்கொண்ட ஒரு மனிதரைக் கடைசியில் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

இப்போது வந்த வழியே திரும்பி, படகுத்துறையைத் தாண்டி, பாலம் ஏறுகிறேன். காற்று அடிக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். எதிரே தெரிவது ஜப்பான்ஸ்கி தீவு. இந்தப் பாலமே 1970களின் தொடக்கத்தில் வந்ததுதான், அதற்கு முன் படகில்தான் கடக்க வேண்டும். இரண்டாம் உலகப்போரில் கடற்படைத் தளமாக இருந்த கட்டடங்களில், 1947-ல் அமெரிக்க மத்திய அரசு பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு ஓர் உண்டு உறைவிடப் பள்ளி தொடங்கியது. மவுண்ட் எட்ஜ்கம். மூன்றாவது பள்ளி இதுதான்.

அந்தக் காலத்தில் பெரும்பாலான கிராமங்களில் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிடும். மேலே படிக்க வேண்டுமா, பதினான்கு வயதில் பெட்டியைக் கட்டிக்கொண்டு சின்ன விமானத்தில் ஏற வேண்டும். ஆகஸ்டில் போனால் மே மாதம்தான் வீடு. அலாஸ்காவுக்குள்ளேயே இடம் போதாதபோது ஒரேகானில் இருக்கும் செமாவாவுக்கும், ஓக்லஹோமாவின் சிலோக்கோவுக்கும் அனுப்பினார்கள். மரமே இல்லாத துந்திரா கரையிலிருந்து ஓக்லஹோமா! அந்த ஒன்பது மாதத்தில் ஊரில் சால்மன் காயும், கடல்நாய் வேட்டை நடக்கும், பாட்டி சாகவும் கூடும்.

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். மவுண்ட் எட்ஜ்கம்மில் படித்தவர்கள் பலர் அந்தப் பள்ளியை இன்றும் நேசிக்கிறார்கள். பூர்வகுடிகளின் நில உரிமைக்காகப் போராடிய தலைமுறையில் பலர் அங்கே சந்தித்துக்கொண்டவர்கள். 1983-ல் மூடியபோது பழைய மாணவர்கள் விடவில்லை, 1985-ல் மாநில அரசு மீண்டும் திறந்தது. இன்றும் மாணவர்கள் விண்ணப்பித்துச் சேருகிறார்கள். விண்ணப்பித்துப் போவதும் வேறு வழியில்லாமல் போவதும் ஒன்றல்ல என்பதுதான் என் எண்ணம்.

வேறு வழி வந்தது எப்படி? யூகான் ஆறு கடலில் கலக்குமிடத்துக்குப் பக்கத்தில் எமோனாக் என்று ஓர் ஊர். அங்கிருந்த மோலி ஹூட்ச் என்ற யூபிக் பெண், பதினாறு வயது, 1972-ல் தொடுத்த வழக்கில் முதல் பெயர் அவளுடையது. எங்கள் ஊரிலேயே உயர்நிலைப் பள்ளி வேண்டும், அவ்வளவுதான் கோரிக்கை. 1975-ல் அலாஸ்கா உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு ஊரிலும் உயர்நிலைப் பள்ளி தரவேண்டும் என்று மாநில அரசியல் சட்டம் சொல்லவில்லை என்றது. ஆனால் இனப் பாகுபாடு என்ற வாதத்தை மூடவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு வழக்கு தொடர்ந்தது, 1976-ல் அரசு சமரசத்துக்கு வந்தது. கேட்கும் ஊர்களுக்கெல்லாம் உயர்நிலைப் பள்ளி, மொத்தம் 126 ஊர்கள் பட்டியலில் இருந்தன. அடுத்த ஆண்டு அலாஸ்காவைக் கடந்து போகும் பெரிய எண்ணெய்க் குழாயில் எண்ணெய் ஓடத் தொடங்கியது, அந்த வருமானத்தில் மாநிலத்துக்குக் கட்டப் பணமும் வந்தது.

அந்த ஊர்களில் பள்ளிக்கூடம் என்றால் வெறும் வகுப்பறை இல்லை. ஊரிலேயே பெரிய கட்டடம் அதுதான், கூடைப்பந்து மைதானம் அதற்குள்தான், கல்யாணமும் சாவும் அங்கேதான், புயல் வந்தால் ஒதுங்குமிடமும் அதுவே. அதனால்தான் 1990களின் கடைசியில் வந்த பத்து மாணவர் கணக்கு எனக்குக் கோபத்தைத் தருகிறது. எண்ணிக்கை பத்துக்குக் கீழே போனால் மாநில நிதி சரிந்துவிடும், பள்ளி மூடிவிடும். இரண்டு குடும்பம் நகரத்துக்குப் போனால் ஒரு ஊரே ஆட்டம் காணும்.

மொழிக்கு இதெல்லாம் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது. அலாஸ்காவின் பூர்வகுடி மொழிகளில் ஒன்றான ஏயாக்கைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மனிதர், மேரி ஸ்மித் ஜோன்ஸ், 2008 ஜனவரியில் இறந்துவிட்டார். 2014-ல் மாநிலம் 20 பூர்வகுடி மொழிகளை ஆட்சி மொழிகளாக அறிவித்தபோது ஏயாக்கும் பட்டியலில் இருந்தது, தாய்மொழியாகப் பேசத்தான் ஆள் இல்லை.

கடைசியாக ஒன்று. 2025 அக்டோபரில் ஹாலோங் புயலின் மிச்சம் மேற்குக் கரையில் மோதியது. கிப்னுக், க்விகில்லிங்கோக் என்ற இரண்டு யூபிக் ஊர்களில் வீடுகள் தண்ணீரில் மிதந்து போயின. நூற்றுக்கணக்கானவர்கள் ஓடி ஒதுங்கியது பள்ளிக்கூடத்தில். பிறகு விமானங்களில் ஏற்றி ஆங்கரேஜுக்குக் கொண்டுபோனார்கள், குழந்தைகளையும்தான். ஆனால் இந்த முறை அம்மா அப்பா கூடவே இருந்தார்கள். ஆங்கரேஜில் யூபிக் மொழிவழி வகுப்பு நடக்கும் ஒரு பள்ளி இருந்தது, பிள்ளைகளில் பலரை அங்கே சேர்த்தார்கள். ஊரும் வீடும் போன பிள்ளை முன்பின் தெரியாத நகரத்தில் வகுப்புக்குள் நுழைகிறது, அங்கே டீச்சர் யூபிக்கில் பேசுகிறார்.

லென்ஸ் முழுக்கத் தண்ணீர், நான் இறங்கிப் போகிறேன். யூகான் கரைப் பக்கம் வேலை பார்த்த, பாடம் சொல்லிக்கொடுத்த யாராவது இதைப் பார்த்தால் கட்டாயம் எழுதுங்கள், அடுத்து எமோனாக் போக முடியுமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.