மண்ணுக்குள் எத்தனை உடைப்பு?

நேயர்களுக்கு வணக்கம்.

1906 ஏப்ரல் 18 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நிலநடுக்கம். அதையடுத்துப் பற்றிய தீ மூன்று நாள் ஊரைத் தின்றது. தீயணைப்புப் படை வந்தும் பல தெருக்களில் தண்ணீர் இல்லை. குழாய்கள் தரைக்கடியில் உடைந்து கிடந்தன. சரிந்த கட்டடம் கண்ணுக்குத் தெரியும், புதைந்த குழாய் தெரியாது. அதனால்தான் சேதத்தை முன்கூட்டியே கணக்குப் போட்டு வைக்கிறார்கள்.

ஒரு கிலோமீட்டர் குழாயில் எத்தனை இடத்தில் பழுது பார்க்க வேண்டிவரும் என்பதுதான் கணக்கு. பேரிடர் சேதத்தை மதிப்பிட அமெரிக்கா பயன்படுத்தும் ஹாசஸ் என்ற முறைப்படி, நிலம் அதிரும் உச்ச வேகம் நொடிக்கு 25 சென்டிமீட்டர் என்றால், பழைய வார்ப்பிரும்புக் குழாயில் 100 கிலோமீட்டருக்குச் சுமார் 14 பழுது. வேகம் 50 ஆனால்? 28 அல்ல, கிட்டத்தட்ட 66! வளைந்துகொடுக்கும் குழாயாக இருந்தால் இதில் பத்தில் மூன்று பங்குதான்.

அதிர்வைவிடக் கொடியது, நிலமே இடம்பெயர்வது. அதிர்வால் வரும் பழுதில் 80 சதவீதம் வெறும் கசிவு, நிலம் நகர்ந்தால் 80 சதவீதம் முழு உடைப்பு என்று அதே முறை எடுத்துக்கொள்கிறது. கசிந்தால் கொஞ்சமாவது தண்ணீர் வரும். உடைந்தால் தெருவே வறண்டுவிடும்.

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் 2011 பிப்ரவரி 22 அன்று வந்த நிலநடுக்கத்தில் இதைக் கண்கூடாகப் பார்த்தார்கள். நீர் ஊறிய மணல் கூழாகித் தெருவில் பொங்கி வந்தது. ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் குழாய்கள் ஏராளமாக உடைந்தன. பாலிஎத்திலீன் குழாய்களோ பெரும்பாலும் தப்பின. 1995இல் ஜப்பானின் கோபே நிலநடுக்கத்தில் தப்பியவை நிலநடுக்கத்துக்கென்றே செய்த ஜாயின்ட் கொண்ட இரும்புக் குழாய்கள். அந்த ஜாயின்டில் ஒரு குழாயின் முனை அடுத்ததன் வாய்க்குள் சில சென்டிமீட்டர் முன்னும் பின்னும் நகரலாம். அதற்கு மேல் இழுபட்டால் உள்ளே இருக்கும் பூட்டு வளையம் பிடித்து நிறுத்திவிடும்.

என்னைக் கேட்டால், சூத்திரத்தைவிட முக்கியம் குழாய்ப் பதிவேடு. எந்தத் தெருவில் என்ன குழாய், எந்த ஆண்டு போட்டது, என்ன ஜாயின்ட், அடியில் என்ன மண்? இது தெரியாத ஊருக்கு எந்தக் கணக்கும் கைகொடுக்காது.

சரி, எல்லாக் குழாயையும் மாற்றப் பணம் இருக்காது. ஆஸ்பத்திரிக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் போகும் குழாய் ஆற்றோர மணல் நிலத்தைக் கடக்கிறதா என்று முதலில் பாருங்கள். கடந்தால், அந்தத் துண்டிலிருந்து வேலையைத் தொடங்கலாம்.

நன்றி, வணக்கம்.