மேடு ஏறும் தீ

நண்பர்களே, காட்டுத் தீ என்றதும் மரத்தின் உச்சிவரை கொழுந்துவிட்டு எரிகிற காட்சிதான் மனதில் வரும். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் மாசி, பங்குனியில் பற்றுகிற தீ பெரும்பாலும் அப்படி இருக்காது. சருகையும் காய்ந்த புல்லையும் தின்றுகொண்டு தரையோடு தரையாகப் போகும். முழங்கால் உயரம்தானே என்று நினைத்துவிடுவோம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில், மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டவர்களின் உயிரைக் குடித்தது புல்லில் பரவிய தீதான். அந்தப் பிள்ளைகளை நினைக்காமல் என்னால் இதைப் பேச முடியாது.

சரிவில் எரியும்போது சுடர் மேட்டுப் பக்கம் சாய்கிறது. அந்தச் சூடு மேலே நிற்கும் புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடும். போதாததற்கு, பகலில் காற்றும் மலையேறியே வீசும். மனிதனுக்கு ஏற்றத்தில் மூச்சு வாங்கும். தீக்கு ஏற ஏற வேகம் கூடும். அதனால் தீ கீழே இருக்கும்போது மேல்நோக்கி ஓடுவது மிக ஆபத்தானது.

1949 ஆகஸ்ட் 5, அமெரிக்காவின் மொன்டானாவில் மான் கல்ச் என்ற பள்ளத்தாக்கு. பாராசூட்டில் இறங்கிய தீயணைப்பு வீரர்களைத் தீ கீழிருந்து துரத்தியது. தலைவர் வாக் டாட்ஜ் ஓடுவதை நிறுத்தினார். தன் முன்னாலிருந்த புல்லுக்குத் தானே தீ வைத்தார். அது எரிந்துபோன இடத்துச் சாம்பலில் குப்புறப் படுத்தார். மற்றவர்களையும் கூப்பிட்டார், யாருக்கும் புரியவில்லை. 13 பேர் இறந்தார்கள். அவர் எழுந்து வந்தார். இதை நீங்கள் செய்து பார்க்கச் சொல்லவில்லை. ஏற்கெனவே கருகிய நிலத்தில் மறுபடி எரியப் புல் இல்லை என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

அணைப்பவர்களும் தீக்கு நேர் முன்னால், மேட்டில் போய் நிற்கக் கூடாது. எரிந்து முடிந்த பின்பக்கத்திலிருந்து தொடங்கி, இரு பக்கமாகப் பச்சைத் தழையால் அடித்துக்கொண்டே முன்னேற வேண்டும். புல் ஒரு மணி நேரத்திலேயே ஈரத்தை வாங்கும், விடும். ஆகவே நடுப்பகலில் மல்லுக்கட்டுவதைவிட, பனி இறங்கிய விடியற்காலையில் வேலை சுளுவாகும். தீத்தடுப்புக் கோடுகளைத் தையிலேயே மண் தெரியச் செதுக்கிவிட வேண்டும். புல் காய்ந்தபின் செதுக்கப் போனால் பாதி பருவம் போய்விடும். அந்த வேலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மலைக்கிராமத்துக்காரர்கள். அவர்களுக்குக் கூலியும் நல்ல செருப்பும் தண்ணீரும் காலத்தோடு கிடைக்க வேண்டும் என்று இந்த மேடையிலிருந்தே கேட்கிறேன்.

அப்புறம், சுடர் அடங்கியதும் மலையிறங்கிவிடாதீர்கள். பட்ட மரக்கட்டையின் உள்ளே தீ கனன்றுகொண்டிருக்கும். ஒவ்வொரு கட்டையருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு தெரிந்தால் மண்ணை அள்ளிப் போட்டு, காத்திருந்து, மறுபடி பாருங்கள்.