எல்லாப் பிள்ளைக்கும் அறிவியல் பிடித்தே ஆக வேண்டுமா?

ஆசிரியர்களே, பெற்றோர்களே, வணக்கம்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் அறிவியலில் ஆர்வத்தை உண்டாக்கப் பள்ளிக்கூடத்தால் முடியுமா என்பது இன்றைய கேள்வி. முடியாது என்றுதான் நினைக்கிறேன். ஒரு பிள்ளைக்குப் பாட்டில் உயிர், இன்னொரு பிள்ளைக்கு ஓட்டத்தில் உயிர். அதில் குறை ஒன்றும் இல்லை.

எல்லோரையும் ஆர்வப்படுத்தியே தீர வேண்டும் என்று இறங்கினால் வேறொன்று நடக்கிறது. நுரை பொங்க வைக்கிறோம், பலூனை வெடிக்க வைக்கிறோம். பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். அடுத்த வாரம் கேட்டுப் பாருங்கள்: வெடித்தது நினைவிருக்கும், ஏன் வெடித்தது என்பது நினைவிருக்காது.

அப்படியானால் பள்ளி என்னதான் செய்ய வேண்டும்? ஒரு நூலும் இரண்டு கற்களும் போதும், காட்டிவிடலாம். ஒரு மீட்டர் நூலில் சின்னக் கல்லைக் கட்டி லேசாக ஆட்டிவிடுங்கள். பத்து முறை போய்வர எவ்வளவு நேரம்? ஏறக்குறைய 20 விநாடி. சரி, நூல் நீளத்தை மாற்றாமல் கனமான கல்லைக் கட்டினால்? உடனே செய்து காட்டிவிடாதீர்கள். முதலில் பிள்ளைகள் பந்தயம் கட்டட்டும். வேகமாக ஆடும் என்று பாதிப்பேர் அடித்துச் சொல்வார்கள். எண்ணிப் பார்த்தால் அதே 20 விநாடி. வகுப்பில் சலசலப்பு எழும். "தப்பா எண்ணிட்டோம், இன்னொரு தடவை" என்று யாராவது கேட்பார்கள். அந்த இன்னொரு தடவைக்கு நேரம் கொடுங்கள், பாடம் அங்கேதான் நடக்கிறது. அப்புறம் நூலைப் பாதியாக்கினால் நேரமும் பாதியாகுமா? ஆகாது, 14 விநாடி வரும். பாதியாக வேண்டுமென்றால் நூலைக் கால் மீட்டராக்க வேண்டும். கல்லையும் நூலையும் ஒரே நேரத்தில் மாற்றியிருந்தால் இதில் எதுவும் பிடிபட்டிருக்காது.

நாமோ இதே ஊசலை எப்படி நடத்துகிறோம்? விடையை முதலில் கரும்பலகையில் எழுதிவிட்டு, அந்த விடை வருகிற மாதிரி ரெக்கார்டு நோட்டில் அளவுகளை எழுத வைக்கிறோம். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். ஆர்வம் இல்லாத பிள்ளையை விடுங்கள், ஆர்வத்தோடு வந்த பிள்ளையையும் இது விரட்டிவிடும்.

பாடம் பிடித்திருந்தும் விலகிப் போகிற பிள்ளைகளும் உண்டு. லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2009-இல் தொடங்கிய ஆஸ்பயர்ஸ் ஆய்வில், 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அறிவியல் வகுப்பு சுவையாக இருப்பதாகவே சொன்னார்கள். விஞ்ஞானியாக விரும்பியவர்களோ ஏறக்குறைய 15 சதவீதம்தான். 'நல்லாத்தான் இருக்கு, ஆனா நமக்கானது இல்லை' என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது? டேவிட் சேம்பர்ஸ் என்பவர் 4,807 சிறுவர் சிறுமியரை விஞ்ஞானி ஒருவரை வரையச் சொல்லி, முடிவை 1983-இல் வெளியிட்டார். பெண் விஞ்ஞானியை வரைந்தவர்கள் 28 பேர். அத்தனை பேரும் சிறுமிகள். ஒரு பையன்கூட வரையவில்லை. இந்த எண்ணத்தை மாற்றுவதில் பள்ளிக்குப் பெரிய பங்கு உண்டு. கேள்வி கேட்கும்போது எந்த வரிசையைப் பார்க்கிறோம், சோதனைக் கருவியை யார் கையில் கொடுக்கிறோம் என்பதில் அது தொடங்குகிறது.

'பிடிக்காத பிள்ளையை எதற்கு வற்புறுத்த வேண்டும்?' என்று பெற்றோர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பிடிக்க வேண்டும் என்று வற்புறுத்த வேண்டாம். ஆனால் ஊசல் வகுப்பில் அந்தப் பிள்ளையும் இருக்கட்டும். நாளை ஒருவர் வந்து, 'இந்த மருந்தைச் சாப்பிட்டேன், ஒரே வாரத்தில் சளி போய்விட்டது' என்பார். கல்லை மட்டும் மாற்றி, நூலை மாற்றாமல் வைத்துப் பார்த்த பிள்ளைக்கு ஒரு கேள்வி எழும்: மருந்து சாப்பிடாமல் இருந்திருந்தால் எத்தனை நாளில் போயிருக்கும்?