குடும்பச் சின்னம்: முதலில் வாக்கியம், பிறகு ஓவியம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். தம் குடும்பத்துக்கென ஒரு சின்னம் அமைத்துக்கொள்ள விரும்புவோரில் பெரும்பாலோர் பென்சிலைக் கையில் எடுத்த பிறகே எதை வரைவது என்று யோசிக்கத் தொடங்குகிறார்கள். முறை இதற்கு நேர்மாறானது என்பதே நான் சொல்ல வந்த செய்தி. சின்னத்தை முதலில் ஒரு வாக்கியமாக எழுதிவிட வேண்டும். ஓவியம் அதன் பின்னரே வரட்டும்.

இது என் சொந்தக் கற்பனை அன்று. மேற்கு ஐரோப்பாவில் 12-ஆம் நூற்றாண்டில் கேடயச் சின்னங்கள் தந்தைவழிச் சொத்தைப் போலப் பிள்ளைகளுக்கு இறங்கத் தொடங்கின. 1151-இல் இறந்த பிரான்சின் ஆஞ்சு நாட்டுப் பிரபு ஜெஃப்ரியின் நினைவாகச் செய்யப்பட்ட எனாமல் தகட்டில், நீலக் கேடயத்தில் பொன்னிறச் சிங்கங்கள் நிற்கின்றன. இங்கிலாந்தின் சால்ஸ்பரி பேராலயத்தில் உள்ள அவருடைய பேரன் வில்லியம் லாங்கெஸ்பேயின் கல்லறைச் சிற்பமும் சிங்கங்கள் பொறித்த கேடயத்தையே தாங்கியிருக்கிறது. இத்தகைய சின்னங்கள் பெருகியபோது அவற்றைப் பதிவு செய்தவர்கள் ஓவியத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை. கேடயத்தின் நிறம், அதன்மேல் அமையும் உருவம், அவ்வுருவத்தின் நிலை, அதன் நிறம் என்று வரிசை மாறாத ஒரு வருணனை வாசகத்தை வகுத்துக்கொண்டார்கள். சிங்கத்தின் பிடரியை எந்த ஓவியர் எவ்வாறு சுருட்டினாலும், வாசகத்துக்குப் பொருந்தும் வரையில் அது அதே சின்னம்தான். ஆகவே, உங்கள் சின்னத்தை ஒரு வாக்கியத்தில் சொல்லி முடிக்க இயலவில்லை என்றால், அதில் பொருள்கள் மிகுந்துவிட்டன என்று கொள்ளுங்கள்.

அந்த வாக்கியத்தில் எதை வைப்பது என்பதே கடினமான பகுதி. மரபு என்றவுடன் முன்னோர் செய்த தொழில், பிறந்த மண், வழிபட்ட தெய்வம், பெயர்ந்து சென்ற வழி எல்லாவற்றையும் ஒரே கேடயத்தில் திணிக்கத் தோன்றும். அவற்றுள் குடும்பத்தார் கேட்ட அளவிலேயே 'இது நாம்' என்று ஒப்புக்கொள்ளும் ஒன்றை மட்டும் எடுங்கள். நெசவுக் குடும்பத்துக்குத் தறியில் ஓடும் நாடா ஒன்று போதும். தறி முழுவதும் வேண்டியதில்லை. குடும்பப் பெயரையே உருவமாக்குவதும் பழைய வழக்கம்தான்: ஸ்பெயினின் பழைய அரசுகளுள் காஸ்டில் கோட்டையையும், லியோன் சிங்கத்தையும், தம் பெயர் அவற்றைக் குறிக்கும் சொற்களைப் போல ஒலிப்பது கருதியே ஏற்றன. சிங்கத்தோடு எவ்வகைத் தொடர்பும் இல்லாத குடும்பங்கள் கம்பீரம் கருதி மட்டும் அதைத் தேர்வதுதான் எனக்கு உவப்பாக இல்லை.

இரு குடும்பங்களின் மரபைச் சேர்க்க வேண்டியவர்களுக்கு வரலாற்றில் இருவேறு வழிகள் கிடைக்கின்றன. 1230-இல் காஸ்டிலும் லியோனும் ஒரே அரசனின் கீழ் இணைந்தபோது, கேடயத்தை நான்காகப் பிரித்துக் கோட்டையையும் சிங்கத்தையும் மூலைக்கு மூலை மாற்றி வைத்தார்கள். இரண்டும் சம மதிப்போடு நின்றன. சோழரின் திருவாலங்காட்டுச் செப்பேட்டு முத்திரையிலோ புலியோடு பாண்டியரின் கயல்களும் சேரரின் வில்லும் சேர்ந்தே காணப்படுகின்றன. அங்கே அந்தச் சேர்க்கை மேலாதிக்கத்தின் அறிவிப்பு. தாய்வழியையும் தந்தைவழியையும் இணைக்க விரும்புவோர் முதல் வழியைப் பின்பற்றுவதே நல்லது. எது பெரிது, எது மேலே என்ற கேள்வியைச் சின்னத்தைக் காண்பவர் கேளாமல் இருக்கமாட்டார்.

நிறத்துக்கு ஒரே விதி போதும். பொன்னும் வெள்ளியும், அதாவது மஞ்சளும் வெள்ளையும், ஒரு பக்கம். சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை, ஊதா ஆகியவை மறுபக்கம். ஒரே பக்கத்து நிறங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கக் கூடாது. தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு உருவம் தெரிய வேண்டும் என்ற நடைமுறைத் தேவையை இந்த விதி நன்கு நிறைவேற்றுகிறது. சிலுவைப் போர் வீரர்கள் நிறுவிய ஜெருசலேம் அரசின் வெள்ளிக் கேடயத்தில் பொற்சிலுவைகள் இருப்பது இதற்குப் புகழ்பெற்ற விலக்கு. ஜப்பானியக் குடும்பச் சின்னங்களோ நிறத்தையே நம்புவதில்லை. ஜப்பானை முன்பு ஆண்ட தொக்குகாவா குலத்தின் மூன்று இலைகளும், அரச குடும்பத்தின் பதினாறு இதழ்ச் செவ்வந்தியும் ஒற்றை நிறத்தில் துணியிலோ மரத்திலோ பொறித்தாலும் அடையாளம் மாறுவதில்லை. உங்கள் வரைபடத்தையும் கறுப்பு மையில் நகத்தளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அப்போது மறைந்துபோகும் கோடுகளை நீக்கிவிடலாம்.

சின்னத்தோடு சேர்த்து எழுதும் குறிக்கோள் வாசகம் விருப்பத்தைப் பொறுத்தது. இல்லாமலும் சின்னம் நிற்கும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். குடும்பப் பெயரைச் சொன்னால் அதற்குரிய பழைய சின்னம் இதுவென்று எடுத்துத் தருபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் 1484 முதல் இயங்கும் இங்கிலாந்தின் சின்னப் பதிவுக் கல்லூரி என்னும் அமைப்பின் நடைமுறைப்படி, சின்னம் ஒரு தனிமனிதருக்கு வழங்கப்பட்டு அவருடைய வழித்தோன்றல்களுக்கே உரியதாகிறது. ஒரே பெயர் தாங்கிய அனைவருக்கும் அது பொதுவானதன்று. ஸ்காட்லாந்தில் பிறர் சின்னத்தை உரிமையின்றிப் பயன்படுத்துவது சட்டப்படி குற்றமாகும். ஆதலால் புதிதாக ஒன்றை அமைத்து, அதன் வருணனை வாசகம், அமைத்த ஆண்டு, ஒவ்வோர் உருவத்துக்கும் உரிய காரணம் ஆகிய மூன்றையும் ஒரே தாளில் எழுதி, குடும்பப் பெரியவர்களின் கையொப்பத்துடன் பத்திரங்களோடு வைத்துவிடுங்கள்.