ஊரிலிருந்து திரும்பியதும் காய்ச்சலா? டாக்டரிடம் ஆட்டைப் பற்றிச் சொல்லுங்கள்

வணக்கம் மக்களே! சிங்கப்பூர் தேக்கா சந்தையில், ஆட்டிறைச்சிக் கடைகளுக்கு எதிரே நிற்கிறேன். பின்னால் கத்திச் சத்தம் கேட்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டுக்கு வரும் புரூசெல்லா நோய் மனிதனுக்கும் தொற்றுமாமே, இங்கே மட்டன் வாங்கலாமா என்று நிறையப் பேர் கேட்டீர்கள். தாராளமாக வாங்கலாம். இங்கே வரும் ஆட்டிறைச்சியில் பெரும்பகுதி ஆஸ்திரேலியாவுடையது. ஆட்டிடமிருந்து மனிதனுக்கு வரும் புரூசெல்லா மெலிட்டென்சிஸ் என்ற கிருமி அங்குள்ள மந்தைகளில் கிடையாது. அப்புறம், குக்கரில் ஏழெட்டு விசில் விட்ட கறியில் அது எங்கே பிழைக்கும்?

என் கவலையெல்லாம் நீங்கள் விடுமுறையில் ஊருக்குப் போகும்போதுதான்.

புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கம் வீட்டில் நாலைந்து வெள்ளாடாவது நிற்கும். சினையாடு ஒன்று இந்த நோயால் நாலாம் மாதத்தில் குட்டியை வீசிவிடும், அதாவது குறைமாதத்தில் செத்த குட்டியாகப் போட்டுவிடும். அம்மாவால் குனிய முடியாது, வந்த பிள்ளை நீங்கள்தான் வெறுங்கையால் அள்ளிப் போடுவீர்கள். நச்சுக்கொடி விழாமல் தங்கிவிட்டால் கையை விட்டு எடுப்பீர்கள். செத்த குட்டி வேலியோரம் போகும், ராத்திரி நாய் அதை நாலு வீட்டு வாசல் வழியாக இழுத்துக்கொண்டு போகும். கிருமி கோடிக்கணக்கில் இருப்பது அந்தக் குட்டியிலும் கொடியிலும் வடிகிற நீரிலும்தான். கையில் சின்னக் கீறல் இருந்தாலே போதும். மூச்சு வழியாகவும் கண் வழியாகவும்கூட ஏறும். நல்ல வெயில் பட்டால் சீக்கிரம் செத்துவிடும், ஆனால் நிழலான ஈரக் கொட்டிலில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். கையுறை போடுங்கள், ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.

அடுத்து நடப்பதுதான் எனக்கு ஆத்திரமாக வரும். வீசின ஆடு தேறிவிடும். அடுத்த சினையில் ஒழுங்காகவே ஈன்றும்விடும். பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஆனால் பாலில் கிருமி போய்க்கொண்டே இருக்கும். "ராசியில்லாத ஆடு" என்று அதைச் சந்தைக்கு ஓட்டிவிடுவார்கள். எட்டயபுரம் மாதிரிப் பெரிய சந்தையில் அதை வாங்குகிறவர் நோயையும் சேர்த்தே தன் பட்டிக்கு ஓட்டிப் போகிறார். இதே நோயால் விதை வீங்கிய கிடாவும் அப்படித்தான் கைமாறுகிறது. கால்நடை மருந்தகத்தில் சொல்லி ரத்தம் எடுத்துப் பார்க்கலாமே! தடுப்பூசியை நம்பியும் இருக்க முடியாது. இந்தியாவில் அரசு இந்த நோய்க்குப் போடும் ஊசி பசு, எருமைக் கன்றுகளுக்குத்தான். வெள்ளாடும் செம்மறியும் அந்தத் திட்டத்தில் இல்லை.

பால் விஷயம் பழைய கதை. மால்ட்டா தீவில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் காய்ச்சலில் விழுந்துகொண்டே இருந்தார்கள். டேவிட் புரூஸ் என்ற ராணுவ மருத்துவர் 1887இல் கிருமியைக் கண்டுபிடித்தார். அது ஆட்டுப்பாலில் வருகிறது என்று மால்ட்டா மருத்துவர் தெமிஸ்டோக்ளிஸ் சம்மிட் கண்டுபிடித்தது 1905இல். நடுவில் 18 வருடம், அந்த ஆடுகளோ பார்க்க ஆரோக்கியமாகவே இருந்தன! நமக்குப் பக்கத்திலேயே பினாங்கில், 2010களின் தொடக்கத்தில், பச்சை ஆட்டுப்பால் குடித்து 70 பேருக்கு மேல் இந்தக் காய்ச்சலில் படுத்தார்கள். ஆட்டுப்பால் பச்சையாகக் குடித்தால்தான் உடம்புக்கு நல்லது என்று பெரியப்பா சொன்னாலும் பொங்கக் காய்ச்சியே குடியுங்கள்.

சரி, இப்போது முக்கியமான இடம். தொற்றியவுடன் காய்ச்சல் வராது. பெரும்பாலும் இரண்டிலிருந்து நாலு வாரம், சிலருக்கு மாதங்கள்கூட ஆகும். அதற்குள் நீங்கள் சாங்கி விமான நிலையத்தில் வந்து இறங்கி வேலையில் சேர்ந்திருப்பீர்கள். காய்ச்சல் ஏறி இறங்கும், ராத்திரி பனியன் நனைகிற வேர்வை, இடுப்பு வலி, மூட்டு வலி. இங்கே டாக்டர் முதலில் டெங்கியைத்தான் நினைப்பார், அவர்மேல் தப்பில்லை. "ஊரில் ஆட்டுக்குப் பிரசவம் பார்த்தேன், பச்சைப்பால் குடித்தேன்" என்று நீங்கள்தான் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். கூச்சப்படாதீர்கள். ரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் ஆய்வகத்துக்காரர்களுக்கே இது தொற்றும், முன்கூட்டியே தெரிந்தால் அவர்களும் கவனமாக இருப்பார்கள்.

மருந்து இருக்கிறது. வழக்கமாக டாக்சிசைக்ளினோடு இன்னொரு ஆன்டிபயாட்டிக்கும் சேர்த்து ஆறு வாரம் கொடுப்பார்கள். முதல் வாரத்திலேயே காய்ச்சல் விட்டுவிட்டது என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், திரும்ப வந்துவிடும்.