வேர் இருக்கும் இடத்தில் பசளை

நேயர்களுக்கு வணக்கம்.

போன வருடம் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு வீட்டுத்தோட்டத்துக்குப் போயிருந்தேன். கிணற்றடியில் நாற்பது கத்தரிக் கன்று. நட்டு ஒரு மாதம் இருக்கும். அரைவாசிக் கன்றுகளில் இலை ஓரம் தீய்ந்து, தலை தொங்கிப்போய் நின்றது.

“முந்தநாள் பின்னேரம் யூரியா போட்டனான் பிள்ளை. மோட்டர் பழுது, தண்ணி விடேல்லை. பசளை போட்ட பிறகு ஏன் இப்படிக் கருகுது?” என்று அந்த அம்மா கேட்டார்.

குந்தியிருந்து ஒரு கன்றின் அடியை விரலால் கிளறிப் பார்த்தேன். அரைவாசி கரைந்த வெள்ளை மணிகள் தண்டைச் சுற்றி மாலை போட்டதுபோல ஒட்டிக் கிடந்தன. மாங்காய்த் துண்டில் உப்புத் தூவினால் அது தண்ணீர் விடும் அல்லவா? இங்கும் அதுதான் நடந்தது. செறிவாகக் கரைந்த பசளை வேரிலிருந்த ஈரத்தை வெளியே இழுத்துவிட்டது.

தண்டு பசளை குடிக்காது. குடிப்பது வேர் நுனி. ஒரு மாதக் கத்தரியின் வேர் நுனி தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போயிருக்கும். உச்சிவெயிலில் செடியைப் பாருங்கள், நிழலின் ஓரம் எங்கே விழுகிறதோ அங்கே வட்டமாக ஒரு சிறு வாய்க்கால் கீறுங்கள். இரண்டு விரல் கணு ஆழம் போதும். மட்டமாக ஒரு தேக்கரண்டி யூரியா, ஏறக்குறைய 4 கிராம், அந்த வட்டத்தில் பரவலாகத் தூவி, மண்ணால் மூடி, உடனே தண்ணீர் விடுங்கள். இலை நனைந்திருக்கும்போது போடவேண்டாம். மணி ஒட்டிய இடம் பொத்துப்போகும்.

மூடுவது ஏன் என்று சிலர் கேட்பார்கள். யூரியாவில் 46 வீதம் நைதரசன் இருக்கிறது. ஈரமான மண்ணின் மேலே திறந்து கிடந்தால் அது அமோனியாவாக மாறி, நம் வெயிலுக்குக் காற்றோடு போய்விடும். அடுப்புச் சாம்பலோடு கலந்து போட்டால் இன்னும் வேகமாகப் போகும். பூச்சிக்குச் சாம்பல் தூவுவது நம் வீடுகளில் பழக்கம். அதை நான் குறை சொல்லவில்லை, ஆனால் சாம்பலுக்கும் யூரியாவுக்கும் இடையில் பத்து நாளாவது விடுங்கள். 2021 இல் இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியபோது ஒரு சிறங்கை யூரியாவுக்கு நாம் பட்ட பாட்டை மறக்கமுடியாது. அந்தப் பொருளைக் காற்றுக்குக் கொடுக்க எனக்கு மனம் வராது.

ரி.எஸ்.பி. என்ற பொசுபரசுப் பசளை வேறு மாதிரி. அதிலுள்ள பொசுபரசு மண்ணில் நகராது, போட்ட இடத்திலேயே பிடிபட்டுவிடும். அதனால் வளர்ந்த செடிக்கு மேலே தூவிப் பெரிய பயன் இல்லை. நடுவதற்கு இரண்டு மூன்று நாள் முன்னதாக, மக்கிய மாட்டெருவோடு சேர்த்துக் குழி மண்ணில் நன்றாகக் கலந்துவிடுங்கள். வேர் தானாக அதைத் தேடி வரும்.

அப்புறம் மழை. ஐப்பசி, கார்த்திகையில் வானம் கறுத்து நிற்கும்போது பசளைப் பையை அவிழ்க்காதீர்கள். முல்லைத்தீவுக் கரையோர மணலில் ஒரு பெருமழை போதும், நைதரசன் வேரைத் தாண்டிக் கீழே இறங்கிவிடும். அது போய்ச் சேருவது நாம் குடிக்கும் கிணற்றுக்கு. அப்படி இறங்கும் நைதரசன்தான் நைத்திரேற்று, யாழ்ப்பாணத்துக் கிணறுகளில் அது ஏறிய கதை நமக்குத் தெரியும். மணல் தரையில் ஒரு தடவை போடும் அளவை இரண்டாக, மூன்றாகப் பிரித்துப் போடுங்கள். வவுனியாப் பக்கத்துச் செம்மண் கொஞ்சம் பிடித்து வைத்திருக்கும், அங்கேயும் பிரித்துப் போடுவதில் நட்டமில்லை.

பயிற்றைக்கு யூரியா அள்ளிப் போடுகிறவர்களையும் பார்க்கிறேன். ஒரு கொடியை மெதுவாகக் கிண்டி எடுத்து வேரைப் பாருங்கள். சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். நகத்தால் ஒன்றைக் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கிறதா? அப்படியானால் அந்தக் கொடி தனக்கு வேண்டிய நைதரசனைக் காற்றிலிருந்து தானே எடுத்துக்கொண்டிருக்கிறது. மேலும் யூரியா போட்டால் இலைதான் செழிக்கும், காய் குறையும். மிளகாயும் அளவு மிஞ்சினால் பூவை உதிர்க்கும்.

சரி, ஒட்டுசுட்டான் அம்மாவின் கத்தரிக்கு வருவோம். தண்டடியில் கிடந்த மணிகளை மண்ணோடு சுரண்டி அள்ளினோம். பக்கத்து வளவிலிருந்து குழாய் இழுத்து நன்றாகத் தண்ணீர் விட்டோம். மூன்று நாள் காலையும் மாலையும் விடச் சொல்லிவிட்டு வந்தேன். ஒன்பது கன்று போய்விட்டது. மற்றவை இரண்டு கிழமையில் புதுத் தளிர் விட்டன. அடுத்த முறை பசளை போட்ட அன்று, முதலில் மோட்டரைப் போட்டுத் தண்ணீர் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பையை அவிழ்த்தாராம்.

நன்றி, வணக்கம்.