தொடும் முன் ஒரு குரல் கொடுங்கள்

(கடலூர் தேவனாம்பட்டினத்தில் ஊர்மக்கள் முன் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, கடலுக்குப் போய்வந்த களைப்போடு உட்கார்ந்திருக்கும் தம்பிகளே, வணக்கம்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்! அவன் எதைக் கண்டு அரண்டான் என்று யாரும் கேட்பதில்லை. இந்தக் கரையில் அதைக் கேட்கவே தேவையில்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, கடல் ஊருக்குள் வந்தது. இந்த மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் பறிகொடுத்தோம். 2011 டிசம்பர் 30 காலை 'தானே' என்று பெயரிட்ட புயல் நமக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறி, பண்ருட்டிப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் சாய்த்துப் போட்டது. 2015-இல் வெள்ளம். இவை போக, சாலை விபத்தில் பிழைத்தவர்கள், வீட்டுக்குள்ளேயே அடிவாங்கி வளர்ந்தவர்கள் என்று எத்தனை பேர்!

எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். வீட்டுக்காரர் பின்னாலிருந்து வந்து தோளில் கை வைத்தார், அவ்வளவுதான். தூக்கிவாரிப் போட்டதில் அரிவாள்மனை விரலைப் பதம் பார்த்துவிட்டது. "கட்டின புருஷன் கைகூடவா தெரியல?" என்று அவருக்கு மனசு விட்டுப்போயிற்று.

தெரியும் அண்ணே. ஆனால் தெரிவதற்கு முன்பே உடம்பு துள்ளிவிடுகிறது. திடீர்ச் சத்தமோ தொடுகையோ வந்தால், செய்தி மூளையின் அடித்தண்டிலிருந்தே கழுத்துக்கும் தோளுக்கும் பாய்ந்துவிடும். இமை மூடத் தொடங்க ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரம் போதும். 'யார் இது' என்ற யோசனை அதற்குப் பிறகுதான் வரும். இது நம் எல்லாருக்கும் உள்ளதுதான். நாலு வெடி வெடித்தால் ஐந்தாவதற்கு நாம் பழகிவிடுவோம். பெரிய ஆபத்தைக் கண்டு மீண்டவர்கள் பலருக்கு அந்தப் பழக்கம் எளிதில் வருவதில்லை. ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலா என்ற பகுதி ஓயாமல் முறுக்கேறி நிற்பதால், துள்ளலும் பெரிது, அதன் பிறகான நெஞ்சுப் படபடப்பும் அடங்க மாட்டேன் என்கிறது. "பயப்படாதே" என்று நூறு தடவை சொன்னாலும் அந்த அடித்தண்டுக்குக் கேட்காது.

துள்ளாத நேரத்திலும் அவர்களுக்கு ஓய்வில்லை. பஸ்ஸில் கதவோரம்தான் உட்காருவார்கள். கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்ததும் வெளியே போகும் வழியைப் பார்த்து வைப்பார்கள். நடு ராத்திரி எழுந்து அலைச் சத்தம் மாறியிருக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்காருவார்கள். ரேஷன் கார்டையும் பட்டாவையும் பாலிதீன் பையில் சுற்றித் தலைமாட்டில் வைத்திருப்பதை மட்டும் நான் நோயென்று சொல்ல மாட்டேன். இந்தக் கடற்கரையில் அது புத்திசாலித்தனம். தூக்கம் கெட்டு, பகலெல்லாம் எரிந்து விழுந்து, பிள்ளை தட்டைக் கீழே போட்டால் கை ஓங்கும் அளவுக்குப் போகும்போதுதான் கவலைப்பட வேண்டும். வீட்டில் அதற்குத் 'திமிர்' என்று பெயர் வைத்துவிடுகிறோம். ராத்திரி முழுக்கக் காவல் இருந்தவருக்கு வேறு எப்படி இருக்கும்?

மந்திரித்துக் கயிறு கட்டுவதை நான் குறை சொல்லவில்லை. கட்டிவிட்டு டாக்டரிடமும் போங்கள். அதிர்ச்சிக்குப் பின் வரும் இந்தப் பாதிப்பை மருத்துவ உலகம் 1980-லேயே தனி நோயாகப் பட்டியலில் சேர்த்துவிட்டது. கெட்ட கனவு, நடந்ததை நினைவூட்டும் இடங்களை ஒதுக்குவது, இந்தத் திடுக்கிடல் எல்லாம் சேர்ந்து ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் காட்டியே ஆகவேண்டும். இருபது வருஷம் கழித்துப் போனாலும் பலன் உண்டு. நடந்ததைப் பாதுகாப்பான சூழலில் படிப்படியாகப் பேசித் தீர்க்கும் முறையான சிகிச்சை இருக்கிறது, தேவைப்பட்டால் மாத்திரையும் இருக்கிறது. கடையில் வாங்கிப் போடும் தூக்க மாத்திரையும் குவார்ட்டரும் அன்றைய ராத்திரியைத் தள்ளிவிடும், அடுத்தடுத்த ராத்திரிகளை இன்னும் கெடுக்கும். எங்கே போவது என்று தெரியாதவர்கள் 14416-க்குப் போன் செய்யுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.

வீட்டில் இருப்பவர்களுக்குச் செலவில்லாத வேலை ஒன்று உண்டு. பின்னாலிருந்து தொடாதீர்கள். முன்னால் வந்து, பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு நெருங்குங்கள். தூங்குபவரை உலுக்காமல் கால்மாட்டில் தள்ளி நின்று எழுப்புங்கள். வேடிக்கைக்காகப் பின்னால் போய் 'பே' என்று கத்தும் பிள்ளைகளைக் கண்டியுங்கள்.

மாசி மகம் வரும். சாமிகள் தீர்த்தவாரிக்குக் கரைக்கு வரும்போது மேளமும் வெடியும் இருக்கும். "பழகினா சரியாப் போயிடும்" என்று அவர்களைக் கையைப் பிடித்து இழுத்து வராதீர்கள். வேண்டாமென்று வீட்டிலேயே பூட்டி வைப்பதும் பயத்தை வளர்க்கத்தான் செய்யும். எவ்வளவு தூரத்தில் நிற்பது, எப்போது திரும்புவது என்று அவர்களே சொல்லட்டும், நீங்கள் கூட நில்லுங்கள். வெடி வைக்கிற தம்பிகளே, திரியில் நெருப்பு வைக்கும் முன் "வெடி, வெடி" என்று உரக்க ஒரு குரல் கொடுங்கள்.